நீங்கள் தூங்கியிருந்தால் நானும் தூங்கினேன்

லிஃப்ட்காரர் கையுறை தைத்துக்கொண்டிருந்தார். குளிருக்குப் போடும் கையுறை இல்லை. விரல் பிரியாமல் உள்ளே பஞ்சு வைத்து, மணிக்கட்டில் பட்டையால் கட்டிவிடுகிற பை. மறதி நோய் வந்தவர்கள் தங்களையோ பக்கத்திலிருப்பவரையோ பிறாண்டிவிடாமல் இருக்க அதை மாட்டிவிடுவார்கள். முந்தின நாள் அவர் மனைவி அதன் பட்டையைப் பல்லால் கடித்துப் பிய்த்துப் போட்டிருந்தாள். வேலை செய்த காலமெல்லாம் லிஃப்ட்டின் இரும்புக் கயிற்றைப் பிரித்து முடைந்த விரல்களுக்கு ஊசி அகப்படவில்லை. ஒரு தையல் போட்டால் ஒரு குத்து வாங்கினார்.

எதிரே மகள் அம்மாவின் துணிகளை மடித்துப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். பல் டாக்டரிடம் உதவியாளராக இருக்கிறாள். எதையும் வரிசையாக அடுக்குகிற கை.

"அதைத் தைச்சு என்னப்பா ஆகப்போகுது? வெள்ளிக்கிழமை காலையில ஹோம்லேருந்து வண்டி வருது. அங்க அவங்களே புதுசா தருவாங்க."

"இன்னைக்கு புதன்தானே."

"இன்னைக்கு புதன், நாளைக்கு வியாழன். அதுக்கப்புறம் வெள்ளிதான் வரும். நீங்க தைக்கிறீங்கன்னு நாள் நிக்குமா?"

அவர் அடுத்த தையலைப் போட்டார். மகள் கெட்டவள் இல்லை. அம்மா யாரையும் தொடவிட மாட்டேன் என்கிறாள். பேசினில் தண்ணீரைக் கண்டாலே கையை அடித்துக்கொள்கிறாள், பிடித்தால் உதைக்கிறாள். வந்த நர்ஸ்கள் ஒருத்தர் பின் ஒருத்தராக நின்றுவிட்டார்கள். மகள் கையில் பல் பட்ட தழும்பு இன்னும் இருக்கிறது. உடம்பு துடைக்காமல், புரட்டிப் படுக்கவைக்காமல் விட்டதில் இடுப்புக்குக் கீழே தோல் சிவந்துவிட்டது. சிவப்பு புண்ணாக அதிக நாள் ஆகாது. அவருக்கோ முட்டி இரண்டும் போய்விட்டன, அவளைத் தூக்க முடியாது. இதெல்லாம் அவருக்கும் தெரியும். ஆனால் ஹோமில் பெண்கள் பகுதி தனி. சாயங்காலம் பார்வையாளர் நேரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டு, மணி அடித்ததும் எழுந்து வர வேண்டும். அதை நினைத்தால்தான் ஊசி குத்தியது.

"நாளைக்கு ஏஜென்சியிலேருந்து ஒரு நர்ஸம்மா வராங்களாம்" என்றார்.

"வரட்டும். ஒரு நாள் கூலியை வாங்கிட்டு அவங்களும் ஓடட்டும். நீங்க மட்டும் குளிப்பாட்டுற நேரத்துல வீட்ல இருக்காதீங்க. அம்மா கத்துனா உடனே ஓடி வந்து 'விடுங்க, விடுங்க'ன்னு நீங்க அதுக்கு மேல கத்துறீங்க."

அது மகள் போட்ட சட்டம். அதனால் காலையில் நர்ஸ் வந்து கையுறையை மாட்டும்போதே அவர் பையை எடுத்துக்கொண்டு ரொட்டி வாங்கக் கிளம்பிவிடுவார். ஒரு ரொட்டி வாங்கத் தெருவைச் சுற்றிச் சுற்றி வருவார். கடைக்காரர், "என்ன லிஃப்ட்காரரே, ரொட்டி வெந்ததான்னு பாத்துட்டு வர்றீங்களா, கோதுமை முளைச்சதான்னு பாத்துட்டு வர்றீங்களா?" என்று கேட்பார்.

நோய் வந்தபோது மனைவியிடமிருந்து முதலில் போனது, இருவரும் பிழைக்க வந்த இந்த ஊரின் மொழிதான். நாற்பது வருஷம் பேசிய மொழி, சண்டை போட்ட மொழி, மகளுக்குச் சோறூட்டிய மொழி. அது சுவரில் காரை உதிர்வது போலத் துண்டு துண்டாக விழுந்தது. அடியில் அவள் பிறந்து பேசிய பெலாரஷ்யன் நின்றது. 'வதா' என்றால் தண்ணீர். 'பலீட்ஸ்' என்றால் வலிக்கிறது. 'ததோமு' என்றால் வீட்டுக்கு. சொந்த வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு 'ததோமு, ததோமு' என்பாள். அந்த மொழியில் அவருக்குத் தெரிந்தது ஒரு கைப்பிடிதான். அதற்கு மேல் அவள் பேசினால் தலையாட்டுவார். தப்பான இடத்தில் தலையாட்டினால் "போஜா மொய்!" என்று நெற்றியில் தட்டிக்கொள்வாள். கடவுளே என்று அர்த்தம். கல்யாணமான நாளிலிருந்து வாங்கிக் கட்டிக்கொண்ட சொல், அது மட்டும் அகராதி பார்க்காமல் புரியும்.

தைத்த பட்டையை இழுத்துப் பார்த்தார். நின்றது. ஊசியைப் பெட்டியில் போடும்போது, இந்த ஒரு கைப்பிடி வார்த்தைகளும் எந்த அறையில் கிடைத்தன என்று நினைவுக்கு வந்தது.

ஊருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு மொழி சொல்லிக்கொடுக்க நகராட்சி ஒரு மாலை வகுப்பு நடத்தியது. கட்டடத்தின் தரைக்குக் கீழே இருந்த அறை. கூரையில் ஓடிய குழாய் சொட்டும், அதற்கு ஒரு வாளி வைத்திருப்பார்கள். அவர் அப்போது லிஃப்ட் மாட்டுகிறவரிடம் எடுபிடி. அவள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. இருவருமே தாமதமாக வருவார்கள், கடைசி பெஞ்ச்தான் மிஞ்சும். அவரிடம் கிரீஸ் வாசனை, அவளிடம் சோடாக்காரம். கண்ணாடி போட்ட டீச்சருக்கு ஒரே கண்டிப்பு. வகுப்புக்குள் சொந்த மொழி பேசக் கூடாது. பேசாதே என்றால்தானே வாய் ஊறும்.

அவர் பேசியது ஷோனா, ஆப்பிரிக்காவில் அவர் ஊர் மொழி. அவள் பேசியது பெலாரஷ்யன். டீச்சர் பலகையில் ஒரு பொருளின் பெயரை எழுதித் திரும்புவதற்குள் கடைசி பெஞ்சில் அதற்கு இரண்டு பெயர் விழுந்துவிடும்.

"ரொட்டிக்கு எங்க பாஷையில ஹ்லேப்."

"ஹெலேபு."

"பு எங்கேருந்து வந்துச்சு? ஹ்லேப்! வாயை மூடிருங்க, அங்கேயே முடிஞ்சுபோச்சு."

"மூட முடியலையே" என்றார் அவர். ஷோனாவில் எந்தச் சொல்லும் வாயைத் திறந்து வைத்துக்கொண்டுதான் முடியும். நாம் பஸ்ஸை 'பஸ்ஸு' என்றும் பேங்கை 'பேங்க்கு' என்றும் இழுக்கிறோமே, அப்படி. அவள் மொழியில் வார்த்தைக்கு வார்த்தை கதவைச் சாத்துவார்கள், அதுவும் தாழ்ப்பாள் போட்டு. அவர் ஒவ்வொரு கதவையும் திறந்துவிட்டுக்கொண்டே வந்தார். அவள் பெயரின் கடைசியிலும் ஒரு உயிரெழுத்தை ஒட்டினார். முதலில் திருத்தினாள். பிறகு யாராவது சரியாகக் கூப்பிட்டால்தான் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைக்கத் தொடங்கினாள்.

ஒத்துப்போனதும் உண்டு. நன்றிக்கு அவள் மொழியில் 'ட்ஸாக்குய்'. அந்த ட்ஸ் ஒலி அவர் மொழியிலும் மூலைக்கு மூலை கிடந்தது. "ரெண்டு பாஷையிலயும் வண்டு பறக்குது" என்றாள் அவள். மரியாதைக்கு ஒருவரைப் பலராக்கிப் பேசுவதும் இரண்டிலும் இருந்தது. ஆனால் அவள் மொழியில் மேசை ஆண், புத்தகம் பெண், நாற்காலி இரண்டும் இல்லை. அவர் மொழியிலோ அவனும் அவளும் ஒரே சொல். அதனால் இந்த ஊர் மொழியிலும் முதலாளியின் மனைவியை அவர் முதலாளி எதிரிலேயே 'அவன் வந்துட்டான்' என்று சொல்லி, ஒரு வாரம் வேலையில்லாமல் நின்றார்.

"நாற்காலிக்குக்கூட எங்க ஊர்ல இடம் ஒதுக்கியிருக்கோம். உங்க ஊர்ல பொம்பளைக்கே தனிச் சொல் இல்லையா?" என்று கேட்டாள்.

"ஆளுன்னா ஆளுதான். உங்க ஊர்ல மேசைக்கு மீசை இருக்குதா, பாத்துப் பேசறதுக்கு?"

அவள் சிரித்த சிரிப்பில் டீச்சர் சாக்பீஸை எறிந்தார். அது வாளியில் விழுந்தது.

மாதங்களைப் பற்றிப் பேசியபோதுதான் இருவருக்கும் ஊர் ஞாபகம் வந்தது. மரத்தில் சாறு ஏறுகிற மாதத்துக்கு அவள் ஊரில் 'சகவீக்'. சாறு என்பதே பெயர். பூர்ச்ச மரத்தைக் கீறிக் கீழே ஜாடி வைத்துக் குடிப்பார்களாம். அவர் ஊரில் ஆகஸ்ட் மாதம் 'நியாமவூவூ', காற்று வீசுகிற மாதம். சொல்லும்போதே உதடு ஊதும். நவம்பர் அவளுக்கு 'லிஸ்தபாத்', இலை உதிர்வது. அவருக்கு 'ம்பூட்ஸி'. ம்பூட்ஸி என்றால் ஆடு. அந்த மாதத்தில் கல்யாணம் கூடாது.

அந்த மாதத்தில்தான் பண்ணிக்கொண்டார்கள். சலவைக்கூடத்தில் அப்போதுதான் லீவு கிடைத்தது. அவருடைய அம்மாவுக்குச் செய்தி போனதும், "ஆட்டு மாசத்துல கட்டியிருக்கான், அவ கொம்பை ஆட்டுவா, இவன் தலையை ஆட்டுவான்" என்று சொல்லி அனுப்பினாள். சொன்னபடியே நடந்தது.

அந்த அம்மாதான், அப்பா இறந்த பிறகு இவர்களிடம் வந்து சேர்ந்தாள். வந்து கொஞ்ச நாளில் படுத்துவிட்டாள். ஷோனா தவிர வேறு மொழி தெரியாது. லிஃப்ட்காரர் விடிந்தால் வேலைக்குப் போய்விடுவார். எந்தக் கட்டடத்தில் யார் மாட்டிக்கொண்டாலும் கூப்பிடுவார்கள். எனவே நாளெல்லாம் மாமியாரோடு இருந்தவள் மருமகள்தான். சலவைக்கூடத்தில் மதிய ஷிஃப்ட் கேட்டு வாங்கிக்கொண்டாள். காலையில் பேசின், வெந்நீர், துணி. அதற்கு முன்னால் மாமியாருக்கு ஒரு முறை உண்டு.

முறை இதுதான். கட்டிலருகே முட்டி போட்டு உட்கார வேண்டும். இரண்டு கைகளையும் குழித்து, ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக வைத்து மெதுவாகத் தட்ட வேண்டும். ஆண்கள் விரலோடு விரல் சேர்த்துத் தட்டையாகத் தட்டுவார்கள். பெண்கள் குழித்துத் தட்டினால் 'பொக், பொக்' என்று காலிப் பானை போலக் கேட்கும். தட்டிக்கொண்டே "மராரா செயி?" என்று கேட்க வேண்டும். எப்படித் தூங்கினீர்கள்? அதற்குப் பதில், "ந்தராரா கானா மராராவோ." நீங்கள் தூங்கியிருந்தால் நானும் தூங்கினேன். அந்தப் பதில் வந்த பிறகுதான் துணியை நனைக்கலாம். பதில் வராமல் ஒரு வேலையும் நகராது.

"இது என்ன பதில்?" என்று அவள் கணவரிடம் கேட்டாள். "நான் தூங்கலைன்னு உங்கம்மாவுக்கு நல்லாத் தெரியும். ராத்திரி பூரா கூப்பிட்டதே அவங்கதானே?"

"அதனாலதான் அப்படிச் சொல்றாங்க."

"எங்க ஊர்ல நல்ல காலைன்னு சொல்லிட்டுப் போய்ட்டே இருப்போம். நன்றின்னா ட்ஸாக்குய், ஒரு வார்த்தை. உங்களுக்குக் கேள்வி, பதில், கைதட்டு, முட்டி போடறது எல்லாம் வேணும். நன்றிக்குக்கூட 'வேலை செஞ்சீங்க'ன்னு சொல்றாங்க உங்கம்மா. அது எனக்குத் தெரியாதா?"

முனகினாளே தவிர, முறையில் குறை வைக்கவில்லை. முட்டி போட மட்டும் மறுத்து ஒரு குட்டை முக்காலி வாங்கினாள். மாமியார் அவளை 'முரோரா' என்பாள், மருமகள் என்று அர்த்தம். இவள் 'அமாய்' என்பாள். அதற்கு அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. அவர் சவரம் செய்துகொண்டே சுவருக்கு அந்தப் பக்கம் கேட்பார். பொக், பொக். கேள்வி. பதில். பிறகு துணி பிழிகிற சத்தம். அவள் ஷோனாவிலும் ட்ஸ் ஒலிகளைத் தன் ஊர் வழக்கப்படி மெத்தென்று சொல்வாள். மாமியார் திருத்தமாட்டாள். சாகும்வரை அந்த அம்மாவுக்குப் படுக்கைப் புண் வரவில்லை. சாதாரணச் சாதனை இல்லை அது.

அம்மா போனதும் ஷோனாவும் போயிற்று. பேச இன்னொரு வாய் இல்லை. மகள் பிறந்தாள். பிள்ளைக்கு ஒரு மொழி ஒழுங்காக வரட்டும் என்று இருவரும் முடிவு செய்து, தங்கள் மொழிகளைச் செருப்போடு சேர்த்து வாசலிலேயே விட்டுவிட்டார்கள். எடுக்கலாம், எடுக்கலாம் என்று விட்டதுதான். வெளியே வைத்த செருப்பு எத்தனை வருஷம் இருக்கும்?

வியாழக்கிழமை காலை புது நர்ஸம்மா மூச்சு வாங்கிக்கொண்டு படியேறி வந்தாள்.

"லிஃப்ட் ஓடலையே ஐயா. லிஃப்ட்காரர் வீடுன்னு வேற சொன்னாங்க."

"ராத்திரியே நின்னுடுச்சு. ஆளு மத்தியானம்தான் வருவானாம்" என்றார் அவர். நாலாவது மாடி. இறங்கினால் ஏற முட்டி இடம் தராது. ரொட்டி வாங்கப் போக வழியில்லை. "நான் சமையலறையிலயே இருக்கேன். கதவைச் சாத்திக்கறேன். சத்தம் போட மாட்டேன்."

தைத்த கையுறையை அவளிடம் நீட்டினார். அவள் வாங்கி, முகர்ந்து பார்த்து, ஜன்னலோரம் போட்டாள்.

"முதல்ல கையைப் பாக்கணும். மூடியே வெச்சா உள்ளங்கை வெந்துடும்."

"அடிப்பா."

"அடிச்சா அடிக்கட்டும். எங்க வீட்ல என் மாமியாரு அடிக்காத அடியா?"

அவர் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு, பால் பாத்திரத்தைத் தேவையில்லாமல் கழுவினார். பேசின் வைக்கும் சத்தம். தண்ணீர் ஊற்றும் சத்தம். இப்போது கத்துவாள் என்று தோளைக் குறுக்கிக்கொண்டார்.

பொக். பொக். பொக்.

மோட்டார் அறைக் கதவைத் திறக்குமுன்னே எந்தப் பேரிங் தேய்ந்திருக்கிறது என்று காதால் கண்டுபிடித்துப் பழகியவர். பாத்திரம் கையிலிருந்து நழுவியது தெரியவில்லை. அந்தச் சத்தத்தைச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து எத்தனையோ காலை கேட்டிருக்கிறார். அது ஆத்திரத்தில் அடித்துக்கொள்ளும் கை இல்லை.

சட்டத்தை மறந்து ஓடினார். நர்ஸம்மா அவர் மனைவியின் மணிக்கட்டைப் பிடிக்கக் கையை நீட்டியிருந்தாள்.

"பிடிக்காதீங்க! கையை விடுங்க!"

"ஐயா, உங்களை வெளிய இருக்கச் சொல்லியிருக்காங்க—"

"ஒரு நிமிஷம். ஒரே நிமிஷம் தாயே."

மனைவி கட்டில் விளிம்பில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். எதிரே நின்ற நர்ஸின் பாதத்தைப் பார்த்தபடி, குழித்த கைகளைத் தட்டிக்கொண்டே, உதடு மட்டும் அசைகிற குரலில் கேட்டாள்.

"மராரா செயி?"

மகளும் நர்ஸ்களும் இத்தனை மாதமாகக் கேட்ட முணுமுணுப்பு அதுதான். அவர்களுக்கு அது 'அம்மா பாஷை'. இந்த ஊர் மொழி இல்லாததெல்லாம் அம்மா பாஷைதானே. புரிந்திருக்கக்கூடிய ஒரே ஆள் தெருவில் ரொட்டிக்கடையைச் சுற்றிக்கொண்டிருந்தார். வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை.

பதில் சொல்ல வாயைத் திறந்தார். வரவில்லை. துருப்பிடித்த திருகைத் திருப்புவது போல நாக்கைத் திருப்பினார்.

"ந்தராரா... ந்தராரா கானா மராராவோ."

அவள் நிமிர்ந்தாள். கட்டியவனைப் பார்க்கிற பார்வை இல்லை. அவருக்கு அம்மாவின் மூக்கு, அம்மாவின் தாடை.

"அமாய்" என்றாள்.

பக்கத்தில் உட்காரச் சொல்லி மெத்தையைத் தட்டினாள். உட்கார்ந்தார். பேசினிலிருந்து துணியை எடுத்து, தன்மேல் தெறிக்காதபடி அந்தப் பக்கம் திருப்பி ஒரே முறுக்கில் பிழிந்தாள். சலவைக்கூடத்துப் பிழிச்சல். அவர் கையை எடுத்து மடியில் வைத்து, விரல் விரலாகத் துடைக்கத் தொடங்கினாள்.

நர்ஸம்மாவுக்கு மொழி புரியவில்லை, வேலை புரிந்துவிட்டது. இன்னொரு துணியை நனைத்துக்கொண்டு ஓசைப்படாமல் அவளுக்குப் பின்னால் போனாள்.

"ஐயா, அப்படியே ஆடாம உக்காந்திருங்க. அவங்க உங்களைக் குளிப்பாட்டட்டும், நான் அவங்களைக் குளிப்பாட்டறேன்."

"சட்டை நனையுதே."

"நனையட்டும். இன்னொரு கையையும் குடுங்க."

முதுகு, அக்குள், இடுப்பு என்று நர்ஸம்மா வேகமாக முடித்தாள். சிவந்த இடத்தை ஒற்றி எடுத்து மருந்து தடவினாள். அவள் கொஞ்சம் நெளிந்தாள், அவ்வளவுதான். அவளுக்கு முன்னால் ஒரு வேலை இருந்தது. மாமியாரின் காது மடலுக்குப் பின்னால் துடைக்க வேண்டியிருந்தது.

எல்லாம் முடிந்து அவளைப் படுக்கவைத்த பிறகு, சமையலறையில் நனைந்த சட்டையோடு நின்று அவர் நர்ஸம்மாவுக்குக் கதையைச் சொன்னார்.

"அப்ப அவங்க நோயாளி இல்ல ஐயா" என்றாள் அவள். "டியூட்டியில இருக்காங்க. டியூட்டியில இருக்கறவங்க கையைப் பிடிச்சுக் கட்டினா யாருக்குத்தான் கோவம் வராது?"

"இனிமே சரியாயிடுமா?"

"சரியெல்லாம் ஆகாது. ஓடற வரைக்கும் ஓடும். ஓடாத நாள் வேற வழி பாக்கணும். என்ன சொன்னீங்க, மராரா...? எனக்கும் சொல்லிக்குடுங்க."

சாயங்காலம், மறுபடி ஓடத் தொடங்கிய லிஃப்ட்டில் மகள் வந்தாள். நடந்ததைக் கேட்டுவிட்டு, நம்பாமல் கட்டிலைப் பார்த்தாள். அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள்.

"அது அம்மா பாஷைதானேப்பா?"

"இல்லம்மா. என் பாஷை."

"உங்களுக்குன்னு ஒரு பாஷை இருக்கா?" என்று கேட்டுவிட்டு, கேட்டது தன் காதிலேயே விழுந்து அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். "இத்தனை நாளா எங்க வெச்சிருந்தீங்க?"

"பேச ஆளில்லாம வெச்சிருந்தேன். உங்க பாட்டி இருந்தா நீ கத்துக்கிட்டிருப்பே. நீ வர்றதுக்குள்ள அவங்க போயிட்டாங்க."

அவள் அம்மாவின் போர்வையைச் சரிசெய்தாள். பிறகு, "அம்மா பாஷையில காலையில என்ன கேப்பாங்க?" என்றாள்.

"கேக்க மாட்டாங்க. நல்ல காலைன்னு வாழ்த்திட்டுப் போயிடுவாங்க. நாங்க கேட்டுட்டு நிப்போம். பதில் வர்ற வரைக்கும் நிக்கணும்." அவர் முட்டியைத் தேய்த்துக்கொண்டார். "பதில் வராம இத்தனை மாசமா நின்னுட்டிருந்திருக்கா."

மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். ஆனால் பல் டாக்டரிடம் வேலை செய்த பழக்கம், வலிக்கிறது என்று பாதியில் விடமாட்டாள்.

"ஒரு நாள் நடந்ததை வெச்சு நான் முடிவெடுக்க முடியாதுப்பா. அந்தப் படுக்கை கிடைக்க எத்தனை பேர் காத்திருக்காங்க தெரியுமா? வண்டி வரட்டும். நாளைக்கு நீங்க அம்மா கண்ணுல படக் கூடாது. நான் உக்காரறேன், நர்ஸ் துடைக்கட்டும். உங்க மூக்கு இல்லாமலும் நடந்தா இருக்கட்டும். கடிச்சாங்கன்னா கிளம்பணும். சரியா?"

"சரி."

"அப்ப சொல்லிக்குடுங்க."

சொல்லிக்கொடுத்தார். அவள் 'மராராவோ'வைக் கடித்துத் துப்பினாள். அவர் திருத்தினார். "யாரு கண்டுபிடிச்சது இந்தப் பாஷையை, பல்லுக்கு வேலையே இல்ல" என்று சலித்துக்கொண்டு மறுபடி சொன்னாள். லிஃப்ட் வரையிலும் சொல்லிக்கொண்டே போனாள்.

மறுநாள் காலை வண்டி ஆட்கள் இருவர் சக்கர நாற்காலியோடு முன்னறையில் காத்திருந்தார்கள். லிஃப்ட்காரர் கதவிடுக்கில் நின்றார். மகள் கட்டிலில் அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தாள். நர்ஸம்மா பேசினைக் கொண்டுவந்து வைத்தாள்.

அம்மா தண்ணீரைப் பார்த்தாள். கையைக் குழித்தாள். பொக், பொக்.

"மராரா செயி?"

"ந்தராரா கானா... மராரா... மராராவோ" என்று மகள் தட்டுத்தடுமாறிச் சொல்லி, அப்பா காட்டியபடி விரலோடு விரல் சேர்த்துத் தட்டினாள்.

அம்மாவின் முகம் சுருங்கியது. துணியைத் தொடவில்லை. சட்டென்று மகளின் கைகளைப் பிடித்தாள். மகள் தழும்புள்ள கையைப் பின்னால் இழுக்கப் பார்த்தாள். கதவிடுக்கில் அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

கடிக்கவில்லை. ஒரு கையைக் குறுக்காகத் திருப்பி, இன்னொன்றின்மேல் வைத்து, விரல்களை அழுத்திக் குழி பண்ணினாள். ஆண்பிள்ளை மாதிரித் தட்டுகிற பெண்ணை எந்த மாமியார் ஒப்புக்கொள்வாள்? தட்டு என்பது போலத் தலையை அசைத்தாள்.

மகள் தட்டினாள். பொக்.

"போஜா மொய்" என்றாள் அம்மா, அப்பாடா என்கிற குரலில். துணியைப் பிழிந்து மகளின் முகத்தைத் துடைத்தாள். நெற்றி, மூக்கு, மோவாய், காதுக்குப் பின்னால். கண் மை முழுக்கக் கன்னத்துக்கு வந்தது. மகள் முகத்தைக் கொடுத்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"முதுகு முடிஞ்சுது" என்றாள் நர்ஸம்மா பின்னாலிருந்து. "அழறதுன்னா அப்புறமா அழுங்கம்மா. அம்மா குதிகாலைத் தூக்கிப் பிடிங்க, அங்கயும் மருந்து போடணும்."

வண்டி ஆள் எட்டிப்பார்த்து, "கிளம்பலாங்களா?" என்றான்.

மகள் கன்னத்து மையோடே எழுந்து போனை எடுத்தாள். அந்தப் படுக்கையை வரிசையில் அடுத்து இருப்பவருக்குக் கொடுத்துவிடும்படி ஹோமுக்குச் சொன்னாள். ஒரு மாதம் கழித்துப் பேசுவதாகவும், அப்போது தேவைப்படலாம் என்றும் சொன்னாள். வண்டி ஆட்கள் காலி நாற்காலியை உருட்டிக்கொண்டு போனார்கள்.

பிறகு அம்மாவை ஒருக்களித்துப் படுக்கவைத்து விரிப்பை மாற்றினார்கள். நனைந்த விரிப்பைக் குளியலறையில் அலசி, மகள் ஒரு முனையையும் அப்பா ஒரு முனையையும் பிடித்துக்கொண்டு எதிரெதிராக முறுக்கினார்கள். அப்பா தப்பான பக்கம் முறுக்கினார். மகள் திட்டினாள். தண்ணீர் வடிந்ததும் வெளிக்கொடியில் இரண்டு பேரும் இழுத்துப் பிடித்து உலர்த்தினார்கள்.